சலவைத்தூளின் வலிமையை அளந்த மேதை கே-லூசாக்

வேதியியல் பயிலும் மாணவர் எவரும் கே-லூசாக் என்னும் பெயரைக் கேட்டிராமல் இருக்க இயலாது. வாயுக்களின் பருமன் விதியைப் படிக்கும்போது அப்பெயரை எழுதுகிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் வாரந்தோறும் ஆய்வுக்கூடத்தில் நாம் கையில் எடுக்கும் பியூரெட்டுக்கும் பிப்பெட்டுக்கும் அம்மனிதருக்கும் உள்ள உறவைப் பலர் அறியார். அவ்விரு கருவிகளுக்கும் இன்று நாம் வழங்கும் பொருளில் அப்பெயர்களை வழக்கிற்குக் கொண்டு வந்தவர் அவரே. அதுவும் எதற்காக? விண்மீன்களை ஆராய்வதற்காக அன்று. சலவைத்தூள் நல்லதா, வலிமை கெட்டதா என்று ஒரு சாதாரணத் தொழிலாளி கண்டுகொள்வதற்காக! அந்த மேதையின் வாழ்வை இக்கண்ணோட்டத்தில் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஜோசப் லூயி கே-லூசாக் 1778ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள் பிரான்சு நாட்டில் லிமோஷ் நகருக்கு அண்மையிலுள்ள செயின்ட் லியோனார் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அந்துவான் கே சட்டத்துறையில் பணியாற்றியவர். குடும்பத்திற்கு உரிய லூசாக் என்னும் சிற்றூரின் பெயரைத் தம் பெயரோடு அவர் சேர்த்துக்கொண்டதால் மகனும் கே-லூசாக் ஆனார். சொந்த ஊரின் பெயரைப் பெயரோடு சுமக்கும் வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று போலும்!

இளமை இன்பமாகக் கழியவில்லை. 1789இல் மூண்ட பிரெஞ்சுப் புரட்சி அக்குடும்பத்தையும் அலைக்கழித்தது. தந்தை ஐயத்தின்பேரில் சிறைப்பட்டார். பின்னர்தான் விடுதலை பெற்றார். இத்தகைய குழப்பத்திற்கு நடுவிலும் படிப்பை விடாத இளைஞர் 1797ஆம் ஆண்டின் இறுதியில் பாரிசிலிருந்த புகழ்மிக்க பல்தொழில் நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். புரட்சி அரசு அமைத்த அப்பள்ளி, குடிப்பிறப்பைப் பாராமல் தேர்வில் காட்டிய திறமையைப் பார்த்தே மாணவரைச் சேர்த்தது. வசதி குன்றிய ஒரு சிற்றூர் இளைஞருக்கு அதுவே வாழ்வின் வாயிலாயிற்று.

குருவும் சீடரும்

அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் குளோட் லூயி பெர்த்தோலே. துணி வெளுக்கும் தொழிலையே மாற்றியமைத்தவர் இவர். 1774இல் சுவீடன் நாட்டு ஷீலே கண்டறிந்த குளோரின் வாயு நிறங்களைப் போக்கும் என்பதை அறிந்து, அதனைக் கொண்டு துணியை வெளுக்கலாம் என 1785ஆம் ஆண்டளவில் காட்டியவர். அதற்கு முன் ஐரோப்பாவில் துணி வெளுப்பது மாதக்கணக்கில் நீளும் வேலை. சாம்பல் காரத்தில் வேகவைப்பதும், புளித்த மோரில் ஊறவைப்பதும், புல்வெளியில் விரித்து வெயிலில் காயவைப்பதுமாக நாட்கள் ஓடும். உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்த நம் ஊர்ச் சலவைத் தொழிலாளரின் உழைப்பை எண்ணிப் பார்த்தால் அது விளங்கும். அந்த மாதங்களைக் குளோரின் நாட்களாகச் சுருக்கிற்று.

பெர்த்தோலே தம் கருத்து ஒன்றை மெய்ப்பிக்கும் ஆய்வை இளைய கே-லூசாக்கிடம் ஒப்படைத்தார். முடிவோ ஆசானின் கருத்துக்கு நேர்மாறாக வந்தது. ஆசான் என்ன நினைப்பாரோ என்று மாணவர் முடிவை மழுப்பவில்லை. கண்டதைக் கண்டபடியே உரைத்தார். ஆசானும் சினம் கொள்ளவில்லை. இவ்வளவு நேர்மையான கண் உடையவர் தமக்கு உதவியாளராகக் கிடைத்தாரே என்று மகிழ்ந்து, ஆர்க்கேயில் இருந்த தம் ஆய்வுக்கூடத்திலேயே இடம் அளித்தார். ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே போற்றத்தக்க நிகழ்ச்சி இது.

வானிலும் வாயுவிலும்

அதன்பின் புகழ் அவரைத் தேடி வந்தது. வெப்பத்தால் எல்லா வாயுக்களும் ஒரே விகிதத்தில் விரிவடைகின்றன என்னும் ஆய்வை 1802இல் வெளியிட்டார். தமக்கு முன்னரே சார்லஸ் என்பார் இதனை ஓரளவு கண்டும் வெளியிடாதிருந்ததை அக்கட்டுரையிலேயே குறிப்பிட்டார். 1804 செப்டம்பர் 16ஆம் நாள் தனியொருவராகப் பலூனில் ஏறி ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரத்தை எட்டினார். அங்கிருந்து கொண்டுவந்த காற்றும் தரைக்காற்றும் ஒரே இயைபு உடையவை என்று காட்டினார். 1808இல் வாயுக்கள் எளிய முழு எண் விகிதத்தில் சேர்கின்றன என்னும் விதியை அறிவித்தார்.

அதே ஆண்டில் பொட்டாசியத்தைக் கையாளும்போது நேர்ந்த வெடிவிபத்தில் அவர் பார்வையை இழக்கும் நிலைக்கு உள்ளானார். கண் தேறியதும் மீண்டும் ஆய்வுக்கூடத்திற்கே திரும்பினார். நண்பர் தெனாருடன் சேர்ந்து போரானைப் பிரித்தார். புளூரினையும் பிரிக்க முயன்றார்; அது கைகூடவில்லை. 1886இல் மோய்சான் வரும்வரை அத்தனிமம் எவர் கைக்கும் அகப்படவில்லை. கடற்பாசிச் சாம்பலிலிருந்து கூர்த்துவா 1811இல் கண்டெடுத்த புதுப்பொருளைத் தீர ஆராய்ந்து அயோடின் ஒரு தனிமமே என்று நிறுவியவர்களுள் கே-லூசாக் முதன்மையானவர். குளோரின், புளூரின், அயோடின் ஆகிய மூன்று பெயர்களையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்க. நம் மாவட்டத்தைப் பற்றிப் பேசும்போது இம்மூன்றும் மீண்டும் வரும்.

துணிக்கடையில் ஒரு வேதியியல் நூல்

அவருடைய இல்லறம் தொடங்கிய விதமும் சுவையானது. துணிக்கடை ஒன்றிற்குச் சென்றபோது, அங்கே பணிபுரிந்த இளநங்கை வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மேசைக்கு அடியில் ஒரு நூலை வைத்துப் படித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். என்ன நூல் என்று வினவியபோது அது வேதியியல் நூல் என்பது தெரிந்தது! 1809இல் அவ்விருவருக்கும் திருமணம் நடந்தது. ஜெனிவீவ் என்னும் அந்த அம்மையார் இறுதிவரை அவருக்கு உற்ற துணையாக விளங்கினார்.

வெண்மையின் விலை

இனி நம் பொருளுக்கு வருவோம். குளோரின் வாயுவை ஊர் ஊராகக் கொண்டு செல்ல முடியாது. 1799இல் ஸ்காட்லாந்து நாட்டுச் சார்லஸ் டெனன்ட், நீற்றுச் சுண்ணாம்பின் மேல் குளோரினைச் செலுத்தி, மூட்டையில் கட்டி விற்கத்தக்க தூளாக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அதுவே சலவைத்தூள். தொழில் பெருகியது, கூடவே ஒரு தொல்லையும் பெருகியது.

சலவைத்தூள் பார்வைக்கு என்றும் வெள்ளையே. புதிதாயினும் வெள்ளை, வலிமை போனதாயினும் வெள்ளை. செய்யும் அறையில் சூடு மிஞ்சினால் வெளுக்கும் ஆற்றலற்ற குளோரேட்டு உண்டாகிவிடும். மூட்டை ஈரம் பட்டாலும், நாட்பட்டுக் கிடந்தாலும் குளோரின் மெல்ல ஓடிவிடும். வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? வலிமை குறைந்ததைக் கரைத்தால் துணி வெளுக்காது, கூலியும் காசும் வீண். வெளுக்கவில்லையே என்று கூடுதலாக அள்ளிப் போட்டு, அன்று வந்த தூள் வலிமை மிக்கதாக இருந்துவிட்டால், துணி இற்றுப்போகும். நெய்தவன் உழைப்பு ஒரு தொட்டியில் அழியும். மூக்கால் முகர்ந்து பார்ப்பதும் நாவில் தொட்டுப் பார்ப்பதுமே பல இடங்களில் சோதனையாக இருந்தன.

அவுரியால் ஓர் அளவுகோல்

இதற்கு ஒரு வழியை ரூவான் நகரத்து மருந்தாளரான தெகுருவாசில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காட்டியிருந்தார். நீலச்சாயத்தை வெளுக்கும் கரைசல் எவ்வளவு நிறம் நீக்குகிறதோ அவ்வளவு அதன் வலிமை என்பது அவர் கருத்து. அக்கருத்தை உறுதியான அளவுமுறையாக ஆக்கியவர் கே-லூசாக். 1824இல் அவர் இதுபற்றிய செய்முறை விளக்கத்தை வெளியிட்டார்.

அதில் பயன்பட்டது அவுரி நீலம். அக்காலத்தில் ஐரோப்பியச் சந்தைக்கு அவுரி நீலத்தைப் பெருமளவில் அனுப்பியது வங்காளம். நம் தமிழகத்திலும் அவுரி பயிரானது. நம் நாட்டு வயல்களில் உழவர் விளைத்த நீலம், பாரிசில் சலவைத்தூளின் வலிமையைச் சொல்லும் சாட்சியாக நின்றது என்பது எண்ணத்தக்கது.

சலவைத்தூளைக் குறிப்பிட்ட எடை எடுத்து நீரில் கரைத்து, அதில் ஒரு குறித்த பருமனைப் பிப்பெட்டால் எடுத்து, பியூரெட்டிலுள்ள அவுரிக் கரைசல் எவ்வளவு நிறமிழக்கிறது என்று காண்பதே முறை. அவருடைய பியூரெட்டில் இன்றைய திருகு இல்லை. நம் வீட்டுக் கெண்டிக்கு மூக்கு இருப்பதுபோலப் பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய் இருக்கும். சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும். முடிவைச் சொல்ல அவர் வகுத்த பாகை மிக எளியது. ஒரு கிலோகிராம் சலவைத்தூள் எத்தனை லிட்டர் குளோரினைத் தருமோ அத்தனை பாகை. ஒரு லிட்டர் குளோரின் ஏறத்தாழ 3.17 கிராம் எடையுள்ளது. எனவே 100 பாகை என்றால் நூற்றுக்கு 31.7 பங்கு குளோரின். விற்பவரும் வாங்குபவரும் ஒரே எண்ணைப் பேசும் நிலை வந்தது.

தம் முறையைத் தாமே திருத்தியவர்

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் திறமையாளர் மட்டுமே. அவரை மேதையாக்கியது அடுத்து அவர் செய்தது.

அவுரி முறையில் குறைகள் இருந்தன. கரைசலை மெல்ல ஊற்றினால் ஒரு விடை, விரைந்து ஊற்றினால் வேறு விடை. அவுரிக் கரைசலை வைத்திருந்தால் நாளடைவில் கெட்டுவிடும். கை மாறினால் எண் மாறுகிறது என்றால் அந்த எண்ணை எப்படி நம்புவது? தம் பெயரால் தொழிற்சாலைகளில் வழங்கிவந்த முறையாயிற்றே என்று அவர் பொருட்படுத்தாமல் இருந்துவிடவில்லை. 1835இல் புதிய செய்முறை விளக்கம் ஒன்றை வெளியிட்டு, பழைய முறையைத் தாமே விலக்கினார்.

புதிய முறையில், வலிமை தெரிந்த ஆர்சீனியஸ் அமிலக் கரைசலை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் ஒரு சொட்டு அவுரி நீலம் இடவேண்டும். பிறகு பியூரெட்டிலிருந்து சலவைத்தூள் கரைசலைச் சேர்க்கவேண்டும். குளோரின் முதலில் ஆர்சீனியஸ் அமிலத்தோடு வினைபுரியும். அது முழுதும் தீர்ந்த அந்த நொடியில், மிஞ்சும் ஒரு துளி நீலத்தை அழித்துவிடும். வினை முடிந்தது என்பதை நிறம் மறைந்து அறிவிக்கும். அவுரி முன்பு அளவுகோலாக இருந்தது. இப்போது அறிவிப்பாளர் வேலை மட்டுமே அதற்கு. நாம் இன்று காட்டி என்று கூறுவது இதைத்தான்.

சிறுவயதில் ஆசானின் கருத்துக்கு மாறான முடிவை அஞ்சாமல் உரைத்த அதே கண், ஐம்பத்தேழாம் வயதில் தம் கருத்தையும் அவ்வாறே பார்த்தது. பிறர் குறையைக் காண்பதினும் அரிய செயல் இது.

நாணயச் சாலையிலும் தொழிற்சாலையிலும்

அளவில் நேர்மை என்னும் இக்கொள்கையையே அவர் பிற துறைகளுக்கும் கொண்டு சென்றார். 1824இல் மதுக்கரைசலின் வலிமையைக் காட்டும் நூற்றுப்பாகை மானியை விளக்கினார். 1829இல் பாரிசு நாணயச் சாலையின் தரச் சோதனைப் பொறுப்பை ஏற்றார். நெருப்பில் உருக்கிச் சோதிக்கும் பழைய முறை வெள்ளியின் அளவை உண்மையைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டுவதைக் கண்டு, சாதாரண உப்புக் கரைசலால் வெள்ளியைத் தரம்பார்க்கும் முறையை 1832இல் வெளியிட்டார். கந்தக அமிலத் தொழிற்சாலைகளில் வீணாக வெளியேறிய நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை மீட்கும் கோபுரம் ஒன்றையும் வடிவமைத்தார். சேன்-கோபேன் நிறுவனத்தின் ஷோனி ஆலையில் 1842இல் எழுப்பப்பட்ட அக்கோபுரம் நம் பாடநூல்களில் கே-லூசாக் கோபுரம் என்றே வழங்குகிறது.

1831இல் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1839இல் பிரபுக்கள் அவையிலும் இடம்பெற்றார். 1850ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் பாரிசில் இயற்கை எய்தினார். ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர் பெயர்களுள் அவருடைய பெயரும் ஒன்று.

மேட்டூரும் நம் மாவட்டமும்

பாரிசில் வாழ்ந்த ஒருவருக்கும் தருமபுரிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு நம் பென்னாகரம் பகுதியைத் தொட்டுக் கிடக்கிறது. அணையருகே மேட்டூரில் எரிசோடாவும் குளோரினும் செய்யும் இரசாயனத் தொழில் சுதந்திரத்திற்கு முன்பே வேர்விட்டது. அன்று தருமபுரியும் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியே. நம் மாவட்டம் தனியே பிறந்தது 1965 அக்டோபர் 2ஆம் நாள்தான்.

உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒருபுறம் எரிசோடாவும் மறுபுறம் குளோரினும் கிடைக்கும். அவ்விரண்டையும் மீண்டும் சேர்த்தால் சோடியம் ஹைப்போகுளோரைட்டு என்னும் வெளுக்கும் நீர்மம். கேட்பதற்கு எளிது; செய்வதில் கவனம் வேண்டும். இவ்வினை வெப்பத்தை உமிழ்வது. குளிர்விக்காவிட்டால், வெளுக்கும் பொருள் குளோரேட்டாக மாறிப் பயனற்றுப் போகும். குளோரினை அளவு மீறிச் செலுத்தி எரிசோடா முழுதும் தீர்ந்துவிட்டால், நீர்மம் சிதைவதோடு நச்சுவாயுவும் தொட்டியிலிருந்து வெளிப்படும்; அங்கு நிற்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கே ஆபத்து. ஆகவே சிறிதளவு எரிசோடா எப்போதும் மிஞ்சியிருக்குமாறு வினையை நிறுத்தவேண்டும். இன்று தொட்டிக்குள் அமிழ்ந்த மின்முனைகள் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தத்தை நொடிதோறும் அளந்து, அது சட்டென்று ஏறும் தருணத்தில் குளோரின் வரத்தை அடைக்கச் செய்கின்றன. எனினும் மின்முனை சொல்வது மெய்யா என்று சரிபார்க்க, மாதிரியை எடுத்துத் தரம்பார்க்கும் ஆய்வாளரின் கையில் இருப்பது பியூரெட்டே. அவுரியின் நீலம் மறையும் நொடிக்காகக் கே-லூசாக் விழித்திருந்ததும், மின்முனையின் முள் ஏறும் நொடிக்காக இன்று ஆலையில் காத்திருப்பதும் ஒரே வேலைதான்.

தொழிற்சாலை மதிலைத் தாண்டி ஊருக்குள் வருவோம். நம் மாவட்டத்துக் கிணறுகளிலும் ஆழ்குழாய்களிலும் புளூரைடு மிகுந்திருப்பதையும், பல்லில் கறையும் எலும்பில் வளைவுமாக நம் மக்கள் பட்ட துயரையும் யாவரும் அறிவோம். அதற்காகவே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டு வந்தது. புளூரினும் குளோரினும் ஒரே தனிமக் குடும்பத்து உடன்பிறப்புகள். ஒன்று மிகுந்ததால் நம் நீர் கெட்டது. மற்றொன்றைச் சிறிதளவு சேர்த்தே நீரைக் காக்கிறோம். ஊராட்சித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் இடப்படும் சலவைத்தூள் அந்தக் காவலன்.

ஆனால் காவலன் விழித்திருக்கிறானா என்பதுதான் கேள்வி. 1,000 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல சலவைத்தூள் வேண்டும் என்பது பொதுநலத் துறையினர் கூறும் கணக்கு. தூளில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் இருந்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 0.8 மில்லிகிராம் கிடைக்கும். அதில் ஒரு பகுதியை நீரிலுள்ள அழுக்கு தின்றுவிடும். மக்கள் குடிக்கும்போது குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சவேண்டும். மூட்டையை அவிழ்த்துப் போட்டு மழைக்காலம் ஒன்று கழிந்து, தூளின் வலிமை பாதியாகிவிட்டால்? தொட்டியில் இடுபவர் அதே கரண்டியால் அதே அளவு போடுவார். தூளும் அதே வெண்மையோடு இருக்கும்; வாசமும் ஓரளவு வரும். நீரில் மட்டும் காவல் இராது. வாந்திபேதி வந்த பிறகே அது தெரியவரும்.

இதைக் கண்டறியப் பெரிய நிலையம் எதுவும் வேண்டியதில்லை. 5 கிராம் தூளை நீரில் குழைத்து 500 மில்லிலிட்டராக்கி, நன்கு கலக்கி, 25 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் எடுத்து, பொட்டாசியம் அயோடைடும் அசெட்டிக் அமிலமும் சேர்த்தால் அயோடின் வெளிப்படும். அதனை டெசிநார்மல் தயோசல்பேட்டால் தரம்பார்த்து, முடிவில் ஸ்டார்ச்சின் நீலம் மறைவதைக் காண வேண்டும். ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் நூற்றுக்கு 1.42 பங்கு குளோரின் என்று கணக்கிடுக. 23 மில்லிலிட்டர் ஆனால் தூள் நல்லது. 11இலேயே நீலம் மறைந்தால் வலிமை பாதியாகிவிட்டது. அப்போது தூளை மாற்றவேண்டும்; மாற்றும்வரை இரு மடங்கு இடவேண்டும். இரண்டு மணி நேர வேலை. நம் பட்டப்படிப்பு ஆய்வுக்கூடத்தில் இல்லாத பொருள் எதுவும் இதற்குத் தேவையில்லை.

நிறைவாக

கே-லூசாக் பிறந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவர் பயன்படுத்திய அவுரி போயிற்று. ஆர்சீனியஸ் அமிலமும் இப்பணியில் அரிதாயிற்று. நிலைத்து நிற்பது அவர் கற்பித்த பாடம். வெள்ளையாய் இருப்பதெல்லாம் வலிமை உடையது அன்று. கண்ணுக்குத் தெரியாத வலிமையை வினையை நடத்தி, அது முடியும் நொடியை அளந்துதான் அறிய முடியும். அளக்கும் முறையிலேயே குறை தெரிந்தால், அதை வகுத்தவர் தாமே ஆயினும் திருத்தவேண்டும்.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, குடிநீர்த் தொட்டிக்கு இடும் சலவைத்தூளில் ஒரு கைப்பிடியைக் காற்றுப் புகாத புட்டியில் அடைத்துக் கொண்டு வாருங்கள். பேராசிரியர்களின் மேற்பார்வையில் தரம்பார்ப்போம். கிடைக்கும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண் பெறுவதோடு நின்றுவிடாமல், அதை ஊராட்சிக்கும் எடுத்துச் சொல்வோம். தொழிலாளியும் துணி வெளுப்பவரும் ஏமாறாதிருக்கப் பியூரெட்டை அவர்கள் கையில் கொடுத்த மேதைக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.